பதினேழாம் நம்பர் வால்

மலெசோ, குவாம்
ஆகஸ்ட் 11, ஞாயிறு

ரெமிம்மா, அப்பா எழுதறேன். உன் அம்மா முட்டிவலியோட சுகம், நான் என் வாயோட சுகம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு சுகமா இருக்கணும்னு மாதாகிட்ட தினம் கேட்டுக்கறோம், சாப்பிடறியான்னு அவங்கதான் பார்த்துக்கணும், உன் பேச்சை நம்ப முடியாது. இங்க மழை பிடிச்சுக்கிச்சு, தோப்புக்குள்ள ரெண்டு அடி வச்சா மூஞ்சியெல்லாம் சிலந்தி வலை, குச்சியை வீசிக்கிட்டேதான் நடக்கறேன், தின்ன ஒரு குருவி இல்லாத காட்டுல சிலந்திக்கு என்ன குறைச்சல். பெரிய பன்னி ஒம்போது குட்டி போட்டிருக்கு. சோங் பெரியம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, எழுபத்தெட்டு வயசுல கண்ணாடி இல்லாம ஜெபப் புத்தகம் படிக்கறேன்னு கோயில் முழுக்கப் பீத்திக்கிட்டுத் திரியறா உன் அம்மாவோட அக்கா.

உன் கடுதாசி செவ்வாய்க்கிழமை வந்தது. போன்ல சொல்லாம எழுதினியே, நல்ல காரியம் பண்ணினே, போன்னா உன் அம்மா பக்கத்துல நின்னு காதைத் தீட்டிக்குவா. இப்பவும் எனக்கு முன்னாடி அவதான் பிரிச்சுப் படிச்சா, அது வேற கதை. ஜூன் மாசம், பாம்பே இல்லாத லூட்டா தீவுல, பெலிசிட்டா அத்தை வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, தண்ணித் தொட்டிகிட்ட ஒருத்தன் பாம்பை அடிச்சான்ல, அதோட வால் நுனி உங்க லேபுக்கு வந்துச்சு, நீ அதோட மரபணுவைப் படிச்சுப் பார்த்தே, அதைப் பெத்தவ யாருன்னா நான் நம்ம தோப்புல பிடிச்சு அனுப்பின நாப்பது வால்ல பதினேழாம் நம்பர்னு வந்திருக்கு. மூணு தடவை திருப்பிப் போட்டேம்பா, மூணு தடவையும் அதேதான்னு எழுதியிருக்கே. நீ படிக்கப் போனப்ப இது என்னடா படிப்புன்னு நான் சிரிச்சேன், ஊர்ல கல்யாண வீட்ல நம்ம பொம்பளைங்க ஒருத்தியை உக்கார வச்சு நீ யார் மக, எந்த வம்சம், உன் அம்மா எந்தக் கிளைன்னு நோண்டுவாங்களே, அதைத்தான் நீ பாம்புகிட்ட நோண்டறேன்னு கிண்டல் பண்ணினேன். போருக்கு அப்புறம் கப்பல் சாமானோட வந்து இறங்கினது கொஞ்சம் பாம்புதான், இன்னைக்கு இந்தத் தீவுல குருவியெல்லாம் தின்னு தீர்த்துட்டு ஊர்றது அத்தனையும் அதோட பேரன் பேத்திங்கதான்னு நீ சொன்னப்பகூட, அப்ப எங்களை மாதிரிதான், யாரைத் தொட்டாலும் யாருக்காவது மச்சான்னு சொன்னேன். இப்ப அந்த வம்சக் கணக்கு நம்ம வீட்டு வாசல்ல வந்து நிக்குது. நீ கேட்ட கேள்வி ஒண்ணுதான், அப்பா, நம்ம தோப்புப் பேரை ரிப்போர்ட்ல எழுதட்டுமா, இல்ல தெக்குப் பக்கம்னு மட்டும் போட்டு விட்டுடட்டுமான்னு. அது எப்படிப் போச்சுன்னு நீ கேக்கல. தெரிஞ்சுதான் கேக்கலையோ என்னவோ, நானே சொல்லிடறேன்.

தவக்காலத்துல உன் மாமா, அத்தை புருஷன், செத்தப்ப எனக்கு லீவு கிடைக்கல, பெரியம்மாதான் நம்ம குடும்பத்து சார்பா ஒம்போது நாள் ஜெபத்துக்கு லூட்டா போனா. துக்க வீட்டுக்குப் பாக்குக் குலை அனுப்பணும், அதுவும் பிரிக்காம, பாளையோட முழுக்குலையா அனுப்பணும், அதுதான் நம்ம வீட்டு மரியாதை, உனக்குத் தெரியும். அன்னைக்குக் காலைல அவசர அவசரமா நான்தான் தோப்புல ஏறி வெட்டினேன். உள்ள போறதுக்கு முன்னாடி காட்டுல இருக்கற முன்னோர்கிட்ட வரலாமான்னு கேட்டேனா இல்லையான்னு உன் அம்மா இப்ப தினம் குடையறா, சத்தியமா எனக்கு ஞாபகம் இல்ல. குலையை ஐஸ் பெட்டியில வச்சு, மேல வெத்திலை, அதுக்கு மேல காய்ஞ்ச மீன். ஏர்போர்ட் சரக்குக் கொட்டகையில லூட்டா போற சாமான் எல்லாத்தையும் நாய் மோந்து பார்க்கணும், கையெழுத்துப் போடறவன் நான். முப்பத்தோரு வருஷமா போட்டுக்கிட்டிருக்கேன். நாயைப் பிடிக்கற மார்த்தா பீக்காவைக் கூட்டிட்டு வந்தா, பீக்கா வரிசையா மோந்துக்கிட்டே வந்து பெரியம்மா பெட்டி முன்னால உக்காந்துச்சு. அது உக்காந்தா உள்ள பாம்பு இருக்குன்னு அர்த்தம், குரைக்காது, வெறுமனே உக்காந்து பார்க்கும். மார்த்தா பெட்டியைத் திறக்கப் போனா. பெரியம்மா கருப்புடுத்தி, கையில ஜெபமாலையோட, என்னைப் பார்த்தா.  அவ கையை முகர்ந்து ஆசீர்வாதம் வாங்கி வளர்ந்தவ உன் அம்மா, ஊரே வேடிக்கை பார்க்க அவ துக்கப் பொருளை நான் எப்படிக் கிளறச் சொல்வேன். மீன் வாசனைக்கு உக்காந்திருக்கும் மார்த்தா, விடுன்னேன். பாஸ், பீக்கா இன்னைக்கு வரைக்கும் மீனுக்கு உக்காந்ததில்லைன்னா. நான் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டேன்.

அதுக்கப்புறம் நடக்கறதை நான் யார்கிட்டயும் சொல்லல, உன்கிட்டதான் சொல்றேன். மறுநாள் காலைல நான் கொட்டகைக்குள்ள நுழைஞ்சதும் பீக்கா வந்து என் முன்னால உக்காந்துச்சு. விளையாடுதுன்னு நினைச்சேன். அடுத்த நாளும் உக்காந்துச்சு. சட்டை மாத்தினேன், செருப்பு மாத்தினேன், எலுமிச்சம்பழத்தைத் தேச்சுக் குளிச்சேன், தோப்புப் பக்கமே ஒரு வாரம் போகல, ஊஹூம், நேரா வந்து உக்காந்து என்னையே பார்க்குது. பாஸ், உங்களுக்குள்ள பாம்பு புகுந்துடுச்சா, பூசாரியைக் கூப்பிடவான்னு மார்த்தா முதல்ல சிரிச்சா. இப்ப அவ சிரிக்கறதில்ல, என்னைப் பார்த்ததும் கயித்தை இழுத்துக்கிட்டு அந்தப் பக்கம் போயிடறா. அஞ்சு மாசமா இப்படித்தான் ஓடுது ரெமிம்மா.

உன் கடுதாசியில கடைசிப் பக்கத்தைத்தான் திரும்பத் திரும்பப் படிச்சேன். அந்தப் பதினேழை நான் எப்படிப் பிடிச்சேன்னு நினைவிருக்கா, கூண்டுல இல்ல. வெளிச் சமையல்கட்டுக்குப் பின்னால பாம்புக்கு இரையா எலி வச்ச கூண்டு தொங்குது, அது கூண்டுக்கு மேல சுத்திக்கிட்டுப் படுத்திருந்துச்சு. உள்ள எலி செத்துடறேன்னு கத்துது, அது எலியைப் பார்க்கவே இல்ல, என்னைத்தான் பார்த்துச்சு. கையாலதான் பிடிச்சேன். வயித்துத் தோல் தொளதொளன்னு இருந்துச்சு, எங்கேயோ முட்டை போட்டுட்டு வந்திருக்கு. கூண்டுக்கு வர்றதெல்லாம் இத்தனை வருஷமா செத்துக்கிட்டே இருக்கு, வராததுதான் பிழைச்சு முட்டை போடுது, இப்ப நம்ம தெக்குப் பக்கம் அப்படி ஒரு கூட்டமே உருவாகிடுச்சு, கையால பிடிச்சது எல்லாம் அந்த ஒரே கிளைன்னு நீ எழுதியிருக்கே. லூட்டாவுல இப்ப எண்பது கூண்டு கட்டித் தொங்க விட்டிருக்காங்க, எல்லாத்துலயும் எலி. ஒண்ணுலயும் பாம்பு விழல. இன்னும் ரெண்டு வாரம் பார்த்துட்டு, வந்தது அந்த ஒண்ணுதான், தீவு சுத்தம்னு மூடிடப் போறாங்க. விழாது, எப்படி விழும். அது எந்தத் தோப்புப் பாம்புன்னு தெரிஞ்சாத்தான் கூண்டைத் தூக்கிப் போட்டுட்டு ஆள் இறக்கி மரம் மரமாத் தேடுவாங்க. பதினேழோட மத்த குட்டிங்க நான் வால் போட்டு அனுப்பின குழாயில ஒண்ணுகூட இல்லைன்னு வேற எழுதியிருக்கே. ஒரு குலைக்குள்ள ஒண்ணுதான் இருந்துச்சுன்னு யார் பார்த்தா.

உன் அம்மா எழுதாதேங்கறா. ஜனவரியில நான் ரிட்டயர் ஆகணும், அதுக்குள்ள என்னை விரட்டிடுவாங்கன்னு ஒரு அழுகை, செத்த வீட்டுக்குக் கொடுத்த பாக்கைக் குத்தப் பொருளாக்கிட்டா அக்கா நாண்டுக்கிட்டுச் சாவான்னு இன்னொரு அழுகை. மூணு நாள் நானும் அவ பக்கம்தான் இருந்தேன், மறைக்க மாட்டேன். தெக்குப் பக்கம்னே போட்டுடும்மான்னு ஒரு காகிதத்துல எழுதிக்கூட வச்சிட்டேன். நேத்து சாயங்காலம் பெலிசிட்டா அத்தை போன் பண்ணினா. மாமா போனதுலேருந்து தூக்கமே இல்லாம இருந்தவ, குரல் தெளிவா இருந்துச்சு. உனக்கு ஆறு வயசு இருக்கும், முதல் தடவை லூட்டா போயிருந்தப்ப விடிஞ்சதும் கொய்யா மரத்துல சாலிக்குருவிங்க கத்தின கத்துல நீ பயந்து அத்தை பாவாடைக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டே, இங்க பிறந்த பிள்ளைக்குக் குருவி கத்தும்னே தெரியாது பாரு. அத்தைக்கும் அதுங்க ஜென்மப் பகை, கட்டையில போற சனியனுங்க நாலரை மணிக்கே எழுப்பிடுதுன்னு முப்பது வருஷமாத் திட்டிக்கிட்டிருப்பா. நேத்து என்ன சொன்னா தெரியுமா, அண்ணா, மாதா கண்ணைத் திறந்துட்டாங்க, பத்து நாளா அந்தச் சனியனுங்க வாயையே திறக்கல, ஏழு மணி வரைக்கும் நிம்மதியாத் தூங்கறேன்னா.

 போனை வச்சுட்டு வெளியில போய் நின்னேன், நம்ம தோப்புல என்னைக்கும் போல ஒரு சத்தம் இல்ல. எனக்குப் பன்னெண்டு வயசு இருக்கும்போது எங்க அம்மாவும் இதே வார்த்தையைச் சொன்னா ரெமி, இந்த வருஷம் குருவித் தொல்லை இல்லைன்னு.

அதனால எழுது. தோப்புப் பேரை எழுது, குலையை வெட்டினவன் பேரை எழுது, கையெழுத்துப் போட்டவன் பேரை எழுது, மூணும் ஒரே பேர்தான், எழுத்துப் பிழை இல்லாம எழுது. நாளைக்குக் காலைல நானே ஆபீஸ்ல போய்ச் சொல்லிடுவேன், உன் ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்தா நாள் போயிடும். பெரியம்மா பேர் வேண்டாம், அவ பெட்டியைத் தூக்கினா, அவ்வளவுதான், பாவம் என்னோடது. உன் அம்மா ரெண்டு நாள் பேச மாட்டா, மூணாம் நாள் சோறு போடுவா. நீ ராத்திரி கண்முழிச்சு அந்த மெஷின் முன்னாடியே கிடக்காதே, தலைக்கு எண்ணெய் வை, கிறிஸ்துமஸுக்கு வர டிக்கெட்டை இப்பவே பாரு. மாதா உன் தலைமேல கை வச்சிருக்கட்டும், என் கையும் அதுக்குக் கீழ இருக்குன்னு நினைச்சுக்கோ. அத்தைக்குப் போன் பண்ணினா இதைப் பத்தி மூச்சு விடாதே, நான்தான் சொல்லணும், ஆனா எந்த வாயால சொல்றதுன்னு இன்னும் தெரியல. இப்பதான் நல்லாத் தூங்கறா.

உன் அப்பா,
கிரெகோரியோ கித்துகுவா