ஷேர் ஆட்டோ என்று நான் சொன்ன வகுப்பு

காலையிலிருந்து வீட்டில் தோல் வாசனை. என் மகள் ஜெனி உன் வகுப்பிலிருந்து ஒரு பட்டையைக் கொண்டுவந்திருக்கிறாள். ஷூ கம்பெனியில் வெட்டி மிஞ்சிய தோலில் நீ வெள்ளைப் பெயின்ட்டால் வரைந்த பியானோ கட்டைகள். ஒரே பியானோ, அறை நிறையப் பிள்ளைகள். முறை வரும்வரை இதை மடியில் வைத்து விரல் ஓட்டுவார்களாம். நீ போன பிறகும் உன் மனைவி அப்படித்தான் நடத்துகிறார்.

நாம் ஒன்றாகப் பியானோ படித்தவர்கள். இதே ஆம்பூரில் நான் பிள்ளைகளுக்குத் தனித்தனியாகச் சொல்லிக்கொடுத்தேன். நீ கூட்டமாக உட்காரவைத்தாய். என் மாணவர்கள் சிலர் உன்னிடம் வந்துவிட்டார்கள். நீதான் இழுத்துக்கொண்டாய் என்று இன்றும் நினைக்கிறேன். செத்தவனுக்கு எழுதும்போதும் அதை மாற்றிச் சொல்ல மனம் வரவில்லை.

ஒரு நாள் நீ வீட்டுக்கு வந்து, ஜெனியைச் சனிக்கிழமை மட்டுமாவது அனுப்பச் சொன்னாய். அவள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ரேட்டு கம்மி, கூட்டம் ஜாஸ்தி. இன்னாடா, ஷேர் ஆட்டோ ஓட்றியா?" என்றேன்.

நீ சிரித்தாய். "ஆமாண்டா, ஷேர் ஆட்டோதான். தனியா வாசிச்சா பரீட்சை பாஸ் பண்ணலாம். நாலு பேரோட வாசிச்சாதான் நாலு எடத்துல கூப்புடுவாங்க."

டீ கூடக் கொடுக்காமல் உன்னை அனுப்பினேன். அடுத்த வருடம் எல்லாப் பரீட்சைச் சான்றிதழ்களையும் வாங்கிய கையோடு ஜெனி பியானோவை மூடிவிட்டாள், பிறகு தொடவே இல்லை.

நீ போன பிறகு, என்னிடம் கேட்காமல் அவள் அம்மாதான் அவளை உன் வகுப்பில் சேர்த்தாள். போன வாரம் அழைத்துவரப் போய் வாசலில் நின்றேன். உள்ளே ஜெனி ஒரு சுரத்தைத் தவறவிட்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள், அவள் சிரிப்புதான் பெரிதாகக் கேட்டது. நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே போனாள். என் வீட்டில் விரல் தவறினால் அவள் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பாள். இறந்துபோன உன்மேல் பொறாமைப்பட்டுக்கொண்டு அங்கே நின்றிருந்தேன். அந்த வெட்கத்தை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது காட்பாடியில் ஒரு பாடகர் குழு அவளைத் தங்களோடு வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறது. என்னிடம் படித்த வருடங்களில் அவளை யாரும் எங்கும் கூப்பிட்டதில்லை.

நேற்று மாலை, இருவர் சேர்ந்து வாசிக்கும் பாடம் ஒன்றுக்கு என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். கீழ்ப் பகுதி எனக்கு. ஒரு தவறும் இல்லாமல் வாசித்து, அவளுக்கு முன்பே பக்கத்தின் கடைசிக்கு வந்துவிட்டேன். அவள் கையை எடுத்துவிட்டிருந்தாள்.

"நீ மட்டும் போய்ட்டப்பா. நான் பக்கத்துலதான இருக்கேன்."

கோபமில்லாமல்தான் சொன்னாள், சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல. மறுபடி தொடங்க, ஒன்று, இரண்டு என்று தாளம் எண்ணினாள். மறுபடியும் முந்தினேன்.

இத்தனை வருட வீம்பை இன்னும் முழுதாக இறக்கிவைக்க முடியவில்லை. ஆனால் உன்னிடம் ஒருநாளும் கேட்காத உதவியை நேற்று அவளிடம் கேட்டேன்.

"இன்னொரு தடவ எண்ணும்மா."