சனிக்கிழமை இருபது நிமிஷம்

பெங்களூரு,
ஞாயிறு காலை

அன்புள்ள அஞ்சலைக்கு,

நான் நல்ல சுகம். நீயும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா?

நேற்று ஒரு வேடிக்கை நடந்தது, பயப்படாதே. முதலாளியின் புதுக் கார் எங்கே போகிறது, எங்கே எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதெல்லாம் அவர் போனுக்குப் போய்விடுகிறதாம். எனக்குத் தெரியாது. நம் ஊர் நெல்லிவாசலில் ஜீப் ஓட்டிப் பழகியவன் நான். அது யாரிடமும் போய் ஒன்றும் சொன்னதில்லை.

"சனிக்கிழமையானா பஸ் ஸ்டாண்டுல இருபது நிமிஷம் வண்டி நிக்குதே, ஏன்?" என்று கேட்டார்.

"ஊர்லேர்ந்து வூட்டுல சாமான் குடுத்தனுப்புவாங்க சார். கண்டக்டர் கையில வாங்கினு வர்றேன்" என்று சொல்லிவிட்டேன். அவரும் சரி என்றார்.

அது பொய் என்று உனக்குத் தெரியும். நம் பக்கத்து ஆலங்காயம் பஸ் வரும். இறங்குகிறவர்கள், "இன்னாடி, பையை எங்க வச்ச?" என்று நம் பேச்சிலேயே சண்டை போடுவார்கள். அதைக் கேட்டுவிட்டு வந்துவிடுவேன், அவ்வளவுதான். காருக்குள் போன் பேசவும் இப்போது கூச்சமாக இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

வருகிற சனிக்கிழமை ஏதாவது கொடுத்துவிடு. ஜீப்காரரிடம் தந்தால் ஆலங்காயத்தில் பஸ்ஸில் சேர்த்துவிடுவார். புளியோ சாமையோ, எதுவானாலும் சரி.

முதலாளி கூப்பிடுகிறார், வண்டி எடுக்க வேண்டும். பாப்பாவுக்கு முத்தம்.

எல்லாவற்றையும் ஒரே தடவையில் அனுப்பிவிடாதே. வாரா வாரம் ஒரு பிடி போதும்.

உன்
சின்னராஜி