பத்தரை மணிக்கு அடிக்காத மணி

என் தங்கமே,

நம் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வந்து, உன் அம்மா சந்தோஷத்தில் பழைய குடத்தைத் தூக்கி எறிந்த வருஷம் அது. நீ மூன்றாம் வகுப்பு. நான் அதே பள்ளியில் மணியடிப்பவன்.

மைதானத்தில் ஓடச் சொன்னால் உனக்கு உடனே வயிற்றுவலி வந்துவிடும். உங்கள் டீச்சர் பத்தரைக்கு ஒரு சின்ன மணி அடிக்கச் சொன்னார். ஐந்து நிமிஷம் வகுப்புக்குள்ளேயே குதிக்கலாம். அதில் தோற்க வழியில்லை என்பதால் நீதான் முதலில் எழுவாய். உன் சடை துள்ளுவது ஜன்னலில் தெரியும்.

ஒரு நாள் நான் அடிக்கவில்லை.

"ஏம்பா, மறந்துட்டியா?" என்று கேட்டாய்.

"ஆமாண்டா, வயசாகுதுல்ல!"

மறுநாளும் மறந்தேன், அதற்கடுத்த நாளும். நீ கேட்பதை விட்டுவிட்டாய். அன்று குறைந்த பேச்சு இன்றுவரை கூடவில்லை.

நான் மறக்கவில்லையம்மா. "படிப்பு கெடுது. இனிமே அடிச்சா வேலை போயிடும்" என்றார் தலைமையாசிரியர். பயந்துவிட்டேன்.

இதைப் பக்கத்து வீட்டுப் பெண் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். இப்போதும் பத்தரையானால் கை தானாக உயர்கிறது. ஒருமுறை வந்துவிட்டுப் போ. தலைமையாசிரியர் போய்விட்டார், டீச்சரும் உன் அம்மாவும்கூடப் போய்விட்டார்கள். அந்த மணியைப் பற்றிப் பேச எனக்கு மிச்சமிருப்பது நீ ஒருத்திதான்.

உன் அப்பா