சின்ன யானை விற்பனைக்கு இல்லை

கெலவரப்பள்ளி
திங்கட்கிழமை

அன்புள்ள மகன் ஹரீஷுக்கு,

அம்மா எழுதுவது. நலம் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். உயிரோடு இருக்கிறேன். புனேவில் மழை என்று டிவியில் சொன்னார்கள். ஈரத் துணியோடு வேலைக்குப் போகாதே.

போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயே இருக்கும். ஐந்தாவது படித்தவள் எழுத்து, பொறுத்துக்கொள்.

உன் சித்தப்பன் சென்றாயன் வருகிற ஞாயிற்றுக்கிழமை ராயக்கோட்டை ஆள் ஒருத்தனைக் கூட்டிவந்து, அப்பாவின் சரக்கு வண்டியை, நம் சின்ன யானையை, விற்கப் போகிறானாம். நீ சரி என்று சொல்லிவிட்டாயாம். நான் சொல்லவில்லை. எனக்கு லைசென்ஸ் வந்துவிட்டது.

ஆமாம், சரியாகத்தான் வாசித்தாய். அப்பாவின் காரியம் முடிந்த மறுமாதமே ஓசூரில் முனிவேல் நடத்தும் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். சொன்னால் தடுப்பாய் என்று சொல்லவில்லை. என்னோடு குல்ஷன் அக்கா, அறுபதை நெருங்குகிறவர். துணி மூட்டையோடு அஞ்செட்டிப் பக்கம் வியாபாரம். பஸ்ஸுக்குக் காத்தே பாதி ஆயுசு போச்சு என்று வந்து சேர்ந்தவர். இன்னொருத்தி பிரியா, கம்பெனியில் வேலை, உன்னைவிடச் சின்னவள். ரோட்டு போர்டு படங்களை எங்கள் இரண்டு பேருக்கும் அவள்தான் புரியவைத்தாள். "நாலு புள்ளைங்கள நிமித்திட்டேன், இந்த ஸ்டீரிங் நிமிர மாட்டேங்குதே" என்று குல்ஷன் அக்கா புலம்பினால், "புள்ளைங்களாட்டம் இதயும் அதட்டாதீங்க, மெதுவாத் திருப்புங்க" என்பார் முனிவேல்.

ஸ்கூல் காரில் சொல்லித் தருகிறவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். நான் தாமதித்தால் முனிவேல் மிதிப்பார். அதே பழக்கத்தில் நம் வண்டியைத் தனியாக எடுத்தேன். சென்றாயனின் எருக்குப்பை மேடு எதிரே வந்தது. அவர் மிதிப்பார் என்று இருந்துவிட்டேன். நேராகப் போய்ச் செருகியது. பக்கத்தில் ஆள் இல்லை என்பது அப்போதுதான் என் காலுக்குத் தெரிந்தது.

உன் சித்தப்பன் ஓடிவந்து, "எரு அடிக்கவா எங்கண்ணன் வண்டி வாங்குனாரு? மூலைல உக்கார வேண்டிய நேரத்துல உனக்கு ஸ்டீரிங் கேக்குதா அண்ணி?" என்று ஊர் கேட்கக் கத்தினான். மூலையில் உட்கார்ந்தால் உன் வீட்டிலிருந்து சோறு வருமா என்று கேட்டேன். வண்டியை நானே பின்னால் எடுத்தேன்.

அப்பா வண்டியில் இத்தனை வருஷம் ரோஜா அனுப்பிய தோட்டக்காரர் ராஜப்பன், தாலி அறுத்தவள் ஓட்டுகிற வண்டியில் முகூர்த்தப் பூவை ஏற்ற மாட்டேன் என்றார். குல்ஷன் அக்காவுக்கு ஆத்திரம். "பறிக்கிறது யாராம்? அவரு தோட்டத்துல பாதிப் பேரு புருஷன் இல்லாதவங்கதானே" என்றார். அதையே நான் ராஜப்பனிடம் போய்க் கேட்டேன். அப்படியும் பூ ஏற்றவில்லை. போகட்டும். முட்டைக்கோஸ் ஏற்றுகிறேன். கோஸுக்கு நல்ல நேரம் கெட்ட நேரம் கிடையாது.

உன் மனசு எனக்குத் தெரியும். அப்பா உயிர் போன வண்டி கண்ணில் படக்கூடாது என்கிறாய். வண்டி அவரைக் கொல்லவில்லையடா. நெஞ்சு வலித்ததும் ஓரம் கட்டி, இஞ்சினை அணைத்து, கைப்பிரேக்கையும் போட்டுவிட்டுத்தான் சாய்ந்தார். யார் மேலும் மோதவில்லை. அப்படி ஓட்டினவர் வண்டியை எவனோ ஒருத்தனுக்கா கொடுக்கச் சொல்கிறாய்?

வண்டி என் பேருக்கு மாற, வாரிசு என்று நீயும் கையெழுத்துப் போட வேண்டுமாம். தாளை இதோடு வைத்திருக்கிறேன். போட்டு அனுப்பு. போடாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை வருகிறவன் வெறும் வாசலைத்தான் பார்ப்பான். நான் கோஸ் ஏற்றப் போயிருப்பேன்.

கருமாதிக்கு வந்தவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் ரயிலேறிவிட்டான் என்று உறவெல்லாம் பேசுகிறது. நான் பேசவில்லை. லீவு கிடைத்ததும் வா. ஓசூர் ஸ்டேஷனுக்கு நானே வண்டி எடுத்து வருகிறேன். வழியில் எங்கே நிறுத்தச் சொன்னாலும் நிறுத்துகிறேன். நீ அழுது முடிக்கிறவரை எடுக்க மாட்டேன்.

நன்றாயிரு சாமி.

உன் அம்மா,
வெங்கடம்மாள்