வாசலில் படுத்திருக்கும் மாபெரும் தலைவரை அகற்றக் கோரி

அனுப்புநர்:
பெகாயிம், த/பெ. துராத்பேக் (கிரேன் ஓட்டுநர், சாலைப் பணித் துறை),
பத்தாம் வகுப்பு மாணவி,
ஊற்றுத் தெரு, சாரி-புலாக்.
(கதவு எண் வேண்டியதில்லை. சிலை கிடக்கும் வீடு என்றால் யாரும் காட்டுவார்கள்.)

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
பொதுச் சிலைகள் அகற்றல் குழு,
நகராட்சிக் கட்டடம், சாரி-புலாக்.
(சென்ற ஆண்டுவரை: பொதுச் சிலைகள் நிறுவல் குழு. அறையும் நாற்காலியும் அதேதான்.)

பொருள்: எங்கள் வாசலை அடைத்துக் கிடக்கும் வெண்கலச் சிலையை என் அக்காள் திருமணத்துக்கு முன் அகற்றித் தருவது குறித்து.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. புதிய அரசின் ஆணைப்படி இந்தச் சிலைக்குரியவரின் பெயரை எழுதக் கூடாது. பழைய அரசின் ஆணைப்படி அவர் பெயரைப் பட்டமில்லாமல் எழுதக் கூடாது. இரண்டு சட்டத்தையும் மதித்து, பெயரை விட்டுவிட்டு ‘மாபெரும் தலைவர்’ என்ற பட்டத்தை மட்டும் எழுதுகிறேன். மேலும், சதுக்கத்தின் காலிப் பீடத்தில் ‘இடம் வாடகைக்கு’ என்ற பலகை தொங்கியது தொடர்பாகத் தாங்கள் என்னைச் சந்தேகிப்பதாக அறிகிறேன். அது வேறு விஷயம். இந்த மனுவில் விளையாட்டு எதுவும் இல்லை.

2. சென்ற இலையுதிர்காலத்தில் ஆட்சி கவிழ்ந்த அன்றே சிலையும் கவிழ்ந்தது. கயிறு கட்டி இழுத்தவர்கள் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இழுத்துப் போட்டதை எடுத்துப் போடும் வேலை என் தந்தையிடம் வந்தது; ஊரில் கிரேன் அவரிடம்தான் இருக்கிறது. பழைய இரும்புக் கிடங்கில், கடிதம் இல்லாமல் இறக்க முடியாது என்று கதவைச் சாத்திவிட்டார்கள். கடிதம் தரவேண்டிய அதிகாரியோ அன்று காலைதான் பதவியிலிருந்து இறக்கப்பட்டிருந்தார். தங்கள் உதவியாளர் திரு. மக்சத் அப்போது தொலைபேசியில் சொன்னதை உள்ளபடி தருகிறேன்: “அண்ணே, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் உங்க வீட்டு வாசல்ல படுக்கப் போடுங்க. நாளைக்கே ஆளனுப்பிடறேன்.”

அந்த நாளை இன்னும் வரவில்லை. பனி விழுந்து, உருகி, ஆப்ரிகாட் மரங்கள் பூத்தும் விட்டன.

3. இடையில் என் தந்தை பொறுமையிழந்து மாபெரும் தலைவரைத் தூக்கப் போனார். அதற்குள் தங்கள் குழுவின் ஆணை வந்து சிலையின் கழுத்தில் ஒட்டப்பட்டது. இது கலைப்பொருளா, பழைய உலோகமா, குற்ற வழக்கின் சாட்சியமா என்று தீர்மானிக்கப்படும்வரை இதைத் தொடுவோர் தண்டிக்கப்படுவர் என்று அதில் இருக்கிறது. ஆகவே தூக்கக்கூடிய வண்டி ஒரு பக்கம் நிற்கிறது, தூக்கக் கூடாது என்ற ஆணை ஒரு பக்கம் நிற்கிறது, நடுவில் எங்கள் பசு நிற்கிறது. மனிதர்கள் அவருடைய காதுக்கும் கதவுத் தூணுக்கும் இடையே உடம்பை ஒடுக்கிக்கொண்டு போய்வருகிறோம். உயிரோடு இருந்த காலத்தில் அவர் காதருகே இவ்வளவு பேர் போனதில்லை.

4. நிற்கும்போது எதிர்காலத்தைச் சுட்டிய அவருடைய வலக்கை இப்போது தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. இருட்டில் சைக்கிளில் வருகிறவர்கள் அதில் மோதினார்கள். லாரியில் சரக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நுனியில் சிவப்புத் துணி கட்டவேண்டும் என்பது ஓட்டுநர் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியாதா? சுட்டுவிரலில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினேன். என் வாழ்க்கையில் குறும்பு நினைப்பே இல்லாமல் நான் செய்த ஒரே காரியம் அதுதான். ஊரையே புரட்டிப்போட்டதும் அதுதான்.

5. பக்கத்துத் தெரு பூருல் அக்கா சந்தையிலிருந்து வரும்போது அந்தத் துணியைப் பார்த்தார். துணி கட்டியிருந்தால் நம் ஊரில் என்ன பொருள் என்று தங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. தன் தலைத்துணியின் ஓரத்தைக் கிழித்து அவரும் கட்டினார். தொலைந்துபோன குதிரை திரும்பி வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டார். குதிரை வந்துவிட்டது. (அது வாராவாரம் தொலைந்து வாராவாரம் வரும் குதிரை.) அன்றிலிருந்து மாபெரும் தலைவரின் விரல், மணிக்கட்டு, கோட்டுப் பொத்தான், மீசை என்று முடிச்சுப் போட இடமுள்ள எதுவும் மிச்சமில்லை. பிள்ளை வேண்டியும் மழை வேண்டியும் கட்டியிருக்கிறார்கள். எங்கள் வகுப்பு முழுவதும் கணிதத் தேர்வுக்காகக் கட்டியிருக்கிறது.

நான் பூருல் அக்காவிடம் நேராகவே கேட்டேன். “அக்கா, ஊத்துப் பக்கத்துல அவுலியா அடங்கியிருந்த தர்காவை இடிச்சது யாரு? இந்த ஆளுதானே? அங்க துணி கட்டினதுக்கு உங்களையே ஒரு வாரம் உள்ள வச்சாங்களே!”

அவர் சொன்னது: “ஆமாண்டி, இடிச்சான். இடிச்ச இடத்துலதானே பீடம் கட்டினான்? இத்தனை வருஷம் அவுலியாவோட தலைமாட்டுலயே நின்னிருக்கான். கொஞ்சமாவது ஒட்டியிருக்காதா?”

இந்த வாதத்துக்குத் தங்கள் குழுவிடம் பதில் இருந்தால் தெரிவிக்கவும்.

6. வாசலுக்கு வந்தவரைத் தேநீரும் ரொட்டியும் கொடுக்காமல் அனுப்பும் வழக்கம் இங்கே கிடையாது. அவர்கள் எங்களைப் பார்க்க வரவில்லைதான். ஆனால் வாசல் எங்களுடையது. கெட்டில் அடுப்பிலிருந்து இறங்குவதே இல்லை. நிலைமையை ஆய்வு செய்யத் தாங்கள் அனுப்பிய திரு. மக்சத்தும் தேநீர் குடித்தார். போகும்போது, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, சிலையின் இடது கைச் சுண்டுவிரலில் பச்சைத் துணி ஒன்றைக் கட்டினார். என்ன வேண்டினார் என்பது எனக்குத் தெரியாது. துணி மட்டும் தங்கள் அலுவலகத் திரைச்சீலைத் துணி போலிருக்கிறது. தங்கள் நாற்காலிக்கு எதிரே உள்ள சன்னலைச் சரிபார்த்துக்கொள்ளவும்.

7. அந்தத் தேநீரை ஊற்றுகிறவர் என் தாயார். ஐயா, இந்தப் பத்தியை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்தச் சிலையின் திறப்பு விழாவில், மூடியிருந்த துணி தலையில் சிக்கிக்கொண்டு இறங்க மறுத்தது நினைவிருக்கும். கயிற்றை இழுத்தவரே தாங்கள்தானே. சதுக்கம் முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றபோது ஒருவர் சிரித்துவிட்டார். அவர் என் தாயாரின் தம்பி, பள்ளி ஆசிரியர் எசென். அடுத்த நாள் அவரை விசாரிக்கக் கூட்டிப்போனார்கள். மாமா திரும்பவில்லை. தாயார் நகராட்சிக்கு மனு மேல் மனுவாகக் கொடுத்தார். எதற்கும் பதில் வரவில்லை. அதனால்தான் இம்மனுவில் அவர் கையெழுத்து இல்லை. நான் எழுதுவதைப் பார்த்து, “அந்த அறைக்கா எழுதற? எழுது, எழுது. காகிதம் நெருப்பு மூட்டவாவது ஆகும்,” என்றார்.

நான் எதற்காவது சிரித்தால், “உங்க மாமா சிரிப்பு. வாயை மூடிக்கோ,” என்பார். நான் மூடிக்கொண்டதில்லை என்பது என் தலைமையாசிரியருக்குத் தெரியும்.

8. வரும் மாதம் முதல் ஞாயிறு என் அக்காள் சல்கினுக்குத் திருமணம். மாப்பிள்ளை வீட்டார் வாசலுக்கு வரும்போது பெண்ணின் தாய் நின்று அவர்கள் தலைமேல் மிட்டாயும் உலர்திராட்சையும் வாரி இறைக்கவேண்டும். தாய் இறைக்காவிட்டால் பெண்ணை மனமில்லாமல் அனுப்புகிறார்கள் என்று பொருள். அந்தப் பேச்சு அக்காளோடு புகுந்த வீடுவரை போகும். தாயார் மிட்டாய் வாங்கி வைத்துவிட்டார். ஆனால் வாசலில் நிற்க மாட்டேன் என்கிறார். தந்தை கெஞ்சினார், அக்காள் அழுதாள். தாயார் சொன்னது ஒன்றுதான்: “நான் வீசினா அவன் மேலயும் விழும்ல? என் கையால ஒரு மிட்டாய்கூட அவன் மேல விழக் கூடாது.”

9. நேற்று சிலையைச் சுற்றிவந்தபோது, யாரும் துணி கட்டாத இடத்தில், காலணியின் அடியில் நீட்டிய ஒரு கம்பியில், நீலக் கோடு போட்ட துணி ஒன்றைக் கண்டேன். அது எசென் மாமாவின் சட்டை. அதைத் தாயார் பெட்டிக்குள்ளிருந்து வெளியே எடுத்து நான் பார்த்ததே இல்லை. நீங்களுமா அம்மா, என்ன வேண்டிக்கிட்டீங்க என்று கேட்டேன்.

“எந்திரிச்சுப் போடான்னு சொன்னேன்,” என்றார்.

ஐயா, அந்த மனு மாபெரும் தலைவரிடம் நிலுவையில் இருக்கிறது. அவர் நடவடிக்கை எடுப்பதாகத் தெரியவில்லை. ஆகவே அதே மனுவைத் தங்களிடம் சமர்ப்பிக்கிறேன். ஆள் அனுப்ப வேண்டாம், வண்டி அனுப்ப வேண்டாம். இரண்டும் எங்கள் வாசலிலேயே இருக்கின்றன. கழுத்தில் ஒட்டிய ஆணையைக் கிழிக்கத் தங்கள் கையெழுத்து ஒன்று போதும். கலைப்பொருளா, உலோகமா, சாட்சியமா என்பதை அவர் வேறெங்காவது படுத்திருக்கும்போதும் தீர்மானிக்கலாம்.

தாங்கள் அவரை அகற்றினால், என் தாயாரின் வேண்டுதலை மாபெரும் தலைவரே நிறைவேற்றினார் என்றுதான் பூருல் அக்கா ஊரெல்லாம் சொல்வார். அந்தப் பெருமையை அவருக்கே விட்டுக்கொடுத்து, எங்களுக்கு வாசலை மட்டும் தந்தருளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: சாரி-புலாக்
நாள்: ஏப்ரல் 14

தங்கள் பதிலுக்காகக் கதவுத் தூணுக்கும் காதுக்கும் இடையில் காத்திருக்கும்,
(ஒப்பம்) பெகாயிம்

இணைப்பு: மிட்டாய் ஒன்று. தாயார் வாங்கி வைத்ததிலிருந்து எடுத்தது, அவருக்குத் தெரியாது.