ஓரத்தைப் பிரித்துப் பார்

இன்று காலை உன் பெயரில் ஒரு மின்னஞ்சல் வந்தது. நீ கண்ணை மூடி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இணைப்பில், பல கோப்புகளை ஒரே பொட்டலமாய்க் கட்டுகிற ஸிப் கோப்பு ஒன்று, பெயர் 'போட்டோஸ்'. ரயிலில் நின்றுகொண்டிருந்தவள் டோபி காட் ஸ்டேஷனில் இறங்க மறந்துவிட்டேன்.

உன் கடைசித் தைப்பூசத்தில் நாம் பால்குடம் எடுத்த படங்களெல்லாம் உன் போனில்தான் இருந்தன. "ஸிப் பண்ணி அனுப்புறேன்டி, பறக்காதே" என்றாய். அதற்குள் நீ நோயில் படுத்துவிட்டாய். அந்த ஆஸ்பத்திரி அலைச்சலில் போனும் எங்கோ தொலைந்தது. அந்தப் படங்கள்தாம் எப்படியோ வந்துவிட்டன என்று மனசு அடித்துக்கொண்டது. விரல் கோப்பின் மேலேயே போய்விட்டது.

அப்போதுதான் உன் சாப்பாட்டுப் பொட்டலம் ஞாபகம் வந்தது. ஒரு புரட்டாசியில், தேக்கா சந்தையிலிருந்து நான் வாங்கி வந்த பொட்டலத்தின் மேல் 'சைவம்' என்று எழுதியிருந்ததை நம்பி வாயில் வைத்துவிட்டாய். உள்ளே மட்டன். ஆபீஸே சிரித்தது, நீ மட்டும் சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை. அதன் பிறகு ஓரத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்காமல் எந்தப் பொட்டலத்திலும் நீ கை வைத்ததில்லை. வேலையிலும் அதே கதைதான். யாராவது ஸிப் கோப்பு அனுப்பினால் போதும், என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பாய்.

"மேல எழுதினத நம்பாதே லா. ஓரத்த பிரிச்சுப் பாரு. தெரிஞ்ச பேர்ல வந்தா ரெண்டு தடவ பாரு."

உன் தொல்லை தாங்காது எனக்கு.

சாயங்காலம் புக்கிட் பாஞ்சாங் வீட்டுக்கு வந்து, இணையத்தோடு சேராத பழைய லேப்டாப்பில் கோப்பைப் பென்டிரைவ் வழியாகப் போட்டேன். பிரிக்காமல், உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலை மட்டும் பார்த்தேன். ஒரே ஒரு கோப்பு. படம் மாதிரிப் பெயர், வாலில் மட்டும் 'இஎக்ஸ்இ'. படமில்லை, திறந்த உடனே ஓடி எல்லாவற்றையும் நாசம் செய்கிற நிரல். எவனோ உன் கணக்குக்குள் புகுந்து, உனக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறான்.

உடனே உன் தங்கையைக் கூப்பிட்டு, கணக்கை மூட ஏற்பாடு செய்யச் சொன்னேன். அவளுக்கும் வந்திருந்தது. "அக்கா பேரப் பாத்ததும் அழுதுட்டேன், இன்னும் தொறக்கல" என்றாள். தொடாதே, அழித்துவிடு என்றேன். உன் குரல் மாதிரியே இருந்தது எனக்கு.

பிறகு நானும் அழித்துவிட்டேன். படங்கள் இனி வரப்போவதில்லை. என் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிற உன்னை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நீ சொன்னபடி பட்டியலை இரண்டு தடவை பார்த்தேன். முதல் தடவை பயத்தில். இரண்டாவது தடவை, அனுப்பியது நீயாகவே இருந்துவிடக் கூடாதா என்ற ஆசையில்.