குடையைத் தேட வேணாம்

வாப்பா,

சோறும் மீனாணமும் மூடி வெச்சிருக்கன். வீட்டப் பூட்டித் திறப்பச் சபூரா மாமிட்ட குடுத்திருக்கன்.

உங்கட கறுப்புக் குடையத் தேட வேணாம். துணிய வெட்டி, நாங்க பள்ளிக்கூடத்துல செஞ்ச றொக்கட்டுக்குப் பாரசூட் தெச்சிட்டன். போனமுறை பொலித்தீன் விரியாம, றொக்கட் சேத்துக்குள்ள போய்க் குத்திச்சு.

"பொம்புளப் புள்ளைக்கு என்னத்துக்கு றொக்கட்?" எண்டு கேட்டீங்க. எங்கட குழுவுல பாரசூட் மடிக்கத் தெரிஞ்சவ நான் ஒராள்தான். நான் இல்லாம றொக்கட்ட விடமாட்டாங்க. அதால போறன். ஏசுறத வந்தாப்பொறகு ஏசுங்க.

நிஸ்றா

மழை வந்தா என்ட பூப்போட்ட குடை கதவுக்குப் பின்னால இருக்கு.

உன்னிச்சையில, வெள்ளாம வெட்டின வயல் வட்டையில, நாலு மணிக்கு விடுறம். வரச்சொல்லிக் கேக்கல்ல. வந்தா மேல பாருங்க. விரிஞ்சு இறங்குறது உங்கட குடைதான்.